‘தனியுரிம மென்பொருள்’ என்பதற்கு மாற்றுச் சொல்: ‘தளையுரிம மென்பொருள்’

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். பயனர் ஆராயவோ மாற்றவோ பகிரவோ முடியாதபடி உரிமத்தால் கட்டுப்படுத்தப்பட்ட மென்பொருளை (proprietary software) ‘தனியுரிம மென்பொருள்’ என்று எழுதி வருகிறோம். அதற்கு மாற்றுச் சொல் தேடும் நம் உரையாடலில் என் முன்மொழிவு இது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தபின், பழைய கணினியைக் கழித்துப் போடாமல் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் குடும்பங்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாததாலோ, நுண்செயலி (processor) பழையது என்பதாலோ விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத கணினிகள் பலவற்றில் லினக்ஸ் மின்ட் அல்லது டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் நன்றாகவே ஓடும். ஆவணங்களுக்கு லிப்ரெஆபிஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ், காணொளிக்கு வி.எல்.சி. ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு வீட்டின் அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். இதை விளக்குவதில் எனக்குச் சிரமம் ஏற்படவில்லை. சிரமம் வந்தது ஒரு சொல்லில்.

முதல் வரைவைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அக்காவிடம் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: “தனியுரிமையைக் காப்பாற்றத்தான் இதையெல்லாம் செய்கிறோம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். இங்கே தனியுரிம மென்பொருளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்கிறாய். இரண்டில் எதைக் கேட்பது, தம்பி?”

‘உரிமை’ வேறு, ‘உரிமம்’ வேறு என்று நான் விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் ஒவ்வொரு வாசகருக்கும் பக்கத்தில் அமர்ந்து விளக்கினால்தான் நிற்கும் என்றால், அந்தச் சொல் கலைச்சொல்லாகத் தன் வேலையைச் செய்யவில்லை என்றே நான் கருதுகிறேன்.

தனி உரிமத்தின் கீழ் வழங்கப்படுவதால் ‘தனியுரிம மென்பொருள்’ என்று முன்னோடிகள் ஆக்கியது இலக்கணப்படி முற்றிலும் சரியே. ஆனால் அதன்பின் ‘தனியுரிமை’ என்னும் சொல் வேறொரு பொருளில் மிக வேகமாக வளர்ந்துவிட்டது. கைப்பேசியின் அமைப்புகளிலும் இணையதளங்களின் அடியிலும் ‘தனியுரிமைக் கொள்கை’ என்பது நாள்தோறும் கண்ணில் படுகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதனை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, ‘அந்தரங்க உரிமை’ என்னும் வழக்கோடு இந்தச் சொல்லும் செய்திகளில் பரவியது. இனி அந்தப் பொருளிலிருந்து அதை மீட்க முடியாது; மீட்கவும் வேண்டியதில்லை. விலகிக்கொள்ள வேண்டியது மென்பொருள் துறையின் சொல்தான்.

சூழல் வேறுபடுத்திக் காட்டிவிடும் என்று சென்ற மடலில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். வேறு துறைகளில் அது உண்மையாக இருக்கலாம். வீட்டுக் கணினிக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் அது பொருந்தாது. ஒரு மென்பொருள் நம் தரவை எங்கே அனுப்புகிறது என்பதும், அதன் மூலநிரலை (நிரலர் எழுதிய மூல வரிகளை) ஆராய நமக்கு அனுமதி உண்டா என்பதும் இங்கே ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ‘தனியுரிமக் கோப்பு’, ‘தனியுரிமைக் கோப்பு’ என்னும் இரண்டையும் உரக்கப் படித்துப் பாருங்கள். ஓர் ஐகாரம் மட்டுமே அவற்றைப் பிரிக்கிறது, பேச்சில் அந்த ஐகாரமும் குறுகிவிடுகிறது. ‘காப்புரிமை’ என்பதை ஒருசாரார் கண்டுபிடிப்புக்கான உரிமைக்கும், இன்னொருசாரார் நூலின் பதிப்புரிமைக்கும் வழங்கி வருவதால் நேர்ந்த குழப்பம் இன்றுவரை தீரவில்லை என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

குழுமத்தில் இதுவரை வந்த மாற்றுகளைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அம்மையார் முன்வைத்த ‘உடைமை மென்பொருள்’ சுருக்கமானது, ஒலிக்க இனியது. எனினும், யாரும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளுக்கும் (free software) உடையவர்கள் உண்டு என்பதே என் தயக்கத்துக்குக் காரணம். லினக்ஸின் மையமான கருநிரலின் (kernel) பதிப்புரிமை அதில் பங்களித்த ஆயிரக்கணக்கானோரிடம் இருக்கிறது. அந்தப் பதிப்புரிமை இருப்பதால்தான், அது வழங்கப்படும் உரிமமாகிய, 1991-இல் வெளிவந்த குனு பொது உரிமத்தின் (GPL) இரண்டாம் பதிப்பு விதிக்கும் நிபந்தனைகளுக்குச் சட்ட வலிமை கிடைக்கிறது. ஒன்றை ‘உடைமை’ என்று அழைத்தால் மற்றது யாருக்கும் உடைமையற்றது என்ற எண்ணம் தானாகவே எழும். தமிழ்நாட்டு வாசகர் ‘நாட்டுடைமை’ ஆக்கப்பட்ட நூல்களை நினைப்பார். வேறு சிலர் ‘பொதுவுடைமை’யை நினைப்பார்கள். இரண்டுமே கட்டற்ற மென்பொருளின் நிலையைக் குறிக்க மாட்டா.

‘மூடிய மூல மென்பொருள்’ என்பதைப் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். அது ஒரு பகுதியை மட்டுமே சொல்கிறது. ‘ரார்’ (RAR) முறையில் சுருக்கப்பட்ட கோப்புகளை விரிக்கும் ‘அன்ரார்’ நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலநிரலை யாரும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் அதைக் கொண்டு ரார் முறையில் சுருக்கும் நிரலை உருவாக்கக் கூடாது என்று அதன் உரிமம் தடுக்கிறது. இதனால்தான் டெபியன் அதைக் கட்டற்றவை அல்லாதவற்றுக்கான பிரிவில் வைத்திருக்கிறது. மூலம் திறந்திருந்தும் கை கட்டப்பட்டிருக்கும் இத்தகைய மென்பொருளை ‘மூடிய மூலம்’ என்று எப்படி அழைப்பது?

‘கட்டற்ற’ என்பதற்கு நேரெதிராகக் ‘கட்டுற்ற’ என்று வைக்கலாம் என்ற யோசனையை ஏற்க இயலவில்லை. ஓர் உகரக் குறி விடுபட்டால் பொருளே தலைகீழாகிவிடும். ‘தடையுரிம’ என்பது ஓரளவு நெருங்கி வருகிறது, ஆயினும் அரசு தடை செய்த மென்பொருளோ என்ற ஐயத்தை அது கிளப்பும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் ‘தளையுரிம மென்பொருள்’ என்பதை முன்மொழிகிறேன். தளை (கட்டு) + உரிமம் = தளையுரிமம்; அதாவது, பயன்படுத்துபவரைத் தளைக்கும் நிபந்தனைகள் கொண்ட உரிமம். பழைய சொல்லின் உரிமப் பகுதி அப்படியே நிற்பதால், ஏற்கெனவே எழுதப்பட்ட ஆவணங்களைத் திருத்துவது எளிது. கட்டற்ற மென்பொருளைத் ‘தளையறு மென்பொருள்’ என்றும் சிலர் எழுதி வந்திருப்பதால் இணைச்சொல்லும் ஆயத்தமாக இருக்கிறது. மேலும், தளை அகராதிக்குள் மட்டும் உறங்கும் சொல் அன்று. யாப்புப் பயின்றவருக்குச் சீர்களைப் பிணைப்பது தளை. பனையேறுபவருக்குக் காலைப் பிணைக்கும் நார் தளைநார். கடைசி எடுத்துக்காட்டில் தளை ஏறுபவருக்கு உதவுகிறதே என்று எவரேனும் கேட்டால் அது நியாயமான கேள்விதான். கட்டுப்படுத்துவது என்னும் அடிப்படைப் பொருள் அங்கும் மாறவில்லை என்பதே என் விடை.

சொல்லில் பழி தொனிக்கிறது, கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் தன் மென்பொருள் களஞ்சியத்தில் தளையுரிம வன்பொருள் இயக்கிகளை (drivers) வைத்திருக்கும் பிரிவுக்குக் ‘கட்டுப்படுத்தப்பட்டவை’ என்று பொருள்படும் பெயரையே சூட்டியிருக்கிறது. அங்கே அது பயனருக்குரிய தகவலாகவே நிற்கிறது. கட்டற்ற மென்பொருளில் மிக உறுதியானவர்களாகிய டெபியன் குழுவினரே 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத நிலைபொருளை (வன்பொருளை இயக்கும் firmware) அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பல மடிக்கணினிகளில் வைஃபை இயங்குவதற்கு அது தேவைப்படுகிறது. என் அக்காவின் கணினியிலும் அதைத்தான் நிறுவினேன். ஆகவே ‘இது தளையுரிம நிலைபொருள்; இது இல்லாவிட்டால் உங்கள் வைஃபை இயங்காது’ என்று கையேட்டில் எழுதும்போது நான் எவரையும் குறை கூறவில்லை. வீட்டில் இருப்பவர் எதை ஏற்றுக்கொள்கிறார் என்பதை அறிந்து ஏற்றுக்கொள்ளட்டும் என்பதே நோக்கம்.

இந்தச் சொல் மிகுதியாக உதவும் இடம் விலையைப் பற்றிப் பேசும் இடம். குரோம் உலாவிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது கட்டற்றது அன்று. அதற்கு அடித்தளமான குரோமியம்தான் கட்டற்றது. ‘கட்டற்ற’ என்பதைக் ‘கட்டணமற்ற’ என்று படித்துவிடும் பழக்கம் நம் வாசகர்களிடம் இருப்பதால், இந்த வேறுபாட்டை எத்தனை முறை எழுதினாலும் நழுவிப் போகிறது. ‘குரோம் இலவசமாகக் கிடைக்கும் தளையுரிம மென்பொருள்’ என்று எழுதினால் இரண்டும் வெவ்வேறு என்பது சொல்லிலேயே விளங்கும். அதே இடத்தில் ‘இலவசமாகக் கிடைக்கும் தனியுரிம மென்பொருள்’ என்று எழுதியபோது, நம் அந்தரங்கத்தைக் காக்கும் கருவி ஒன்று இலவசமாகக் கிடைப்பதாக அக்கா எண்ணிக்கொண்டார்.

உடன்படாதவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதும்படி வேண்டுகிறேன். ஒரு நிபந்தனையை மட்டும் அனைவரும் ஏற்கலாம் என்று தோன்றுகிறது: முன்மொழியும் சொல்லை, ‘இந்தச் செயலி உங்கள் தனியுரிமையைக் காக்கிறதா என்று ஆராய முடியாது, ஏனெனில் இது … மென்பொருள்’ என்னும் வாக்கியத்தில் வைத்து, கணினித் துறையைச் சாராத ஒருவரிடம் விளக்கம் எதுவும் இல்லாமல் படிக்கக் கொடுங்கள். அவர் புரிந்துகொண்டதை அவர் சொற்களிலேயே இங்கே எழுதுங்கள். தளையுரிமத்தை அக்காவிடம் கொடுத்தபோது, “உள்ளே பார்க்கவோ மாற்றவோ விடாமல் கட்டிப்போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது” என்றார்.