புதுப்பிப்பு: ஃபோன்டானா ஏரிக்கு அடியில் இருக்கும் ஊர்கள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஸ்வெயின் கவுண்டியில், ஃபோன்டானா அணை நீரில் மூழ்கிய ஊர்களைப் பழைய வரைபடங்களில் தேடுவதாக முன்பு எழுதியிருந்தேன். ஏரி எதுவரை ஏறியது என்பதை எப்படி அறிவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழி கிடைத்துவிட்டது.

ஃபோன்டானா ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம், கடல் மட்டத்திலிருந்து 1,710 அடி. அணைக்கு முந்தைய வரைபடத் தாளை எடுத்து, அந்த மட்டத்தை ஒட்டிவரும் 1,700 அடி சம உயரக் கோட்டை (அதே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒரு நிறத்தால் வரைந்துகொண்டே போங்கள். ஏரி நிரம்பியிருக்கும்போது அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் தண்ணீர். லிட்டில் டென்னசி ஆற்றங்கரையில் ஜட்சன், புஷ்னெல் என்ற ஊர்கள், இருப்புப்பாதை, 288ஆம் எண் சாலை என எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. விரல் போகப் போக மனம் கனத்தது.

ஹேசல் ஓடையோரம் மரம் அறுக்கும் தொழிலால் வளர்ந்த பிராக்டர் வேறு வகை. அதன் பெரும்பகுதி கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் 1944இல் அணை முடிந்ததும் சாலை மூழ்கி, ஊர் தனித்துப்போய்க் காலியானது. ஏரியின் வடகரையில் உள்ள கல்லறைகளுக்கு, அங்கே புதைக்கப்பட்டவர்களின் உறவினர்களை இன்றும் தேசியப் பூங்காத் துறை படகில்தான் அழைத்துச் செல்கிறது. மூழ்கிய சாலைக்குப் பதிலாக அரசு வாக்குறுதி அளித்த மாற்றுச் சாலை ஒரு சுரங்கப்பாதையோடு நின்றுவிட்டது. இது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

தாள்கள் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் டோபோவியூ தளத்தில் இலவசம். ஊதா நிறத்தில் ஏதாவது தெரிந்தால், அது வான்படங்களைப் பார்த்துப் பின்னர் சேர்த்த திருத்தம். அடுத்து, கல்லறைக் குறிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கப்போகிறேன்.