வாடகை வீட்டுச் சுவருக்குள்ள பறவை கூடு கட்டிருக்கு, ஞாயித்துக்கிழமை அடைக்கப் போறாங்க. அவசரம், உதவி பண்ணுங்க

குட்டிப்பாப்பா அம்மா (வியாழன் இரவு)
வணக்கம். சுவத்துக்குள்ள ஏதோ பறவை கூடு கட்டிருச்சு. விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும் ஒரே கீச்கீச். பாப்பா பகல்ல தூங்கவே மாட்டேங்குது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "பறவைதானே, தானா போயிரும்"னு விட்டுட்டார். அவர் தம்பி வந்து பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை சிமெண்ட் வச்சு அடைச்சிரலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அடைக்கலாமா? வேற வழி இருக்கா? சீக்கிரம் சொல்லுங்க.

ஜோபர்க் சேகர்
எலியா இருக்கும். சுவத்துக்குள்ள சத்தம்னாலே முக்கால்வாசி எலிதான். எங்க பழைய வீட்டுல இப்படித்தான், பறவை பறவைன்னு நெனச்சு கடைசியில எலிக்குடும்பம். மருந்து வைங்க.

கரணை
தங்கச்சி, எந்த ஊரு? கீழ்வீடா மாடியா? ஓட்டை வெளிச்சுவத்துல இருக்கா, ஓட்டுக்கு அடியில இருக்கா? பறவையைக் கண்ணால பாத்தீங்களா? சத்தம் கேக்குற சுவத்துல ஏர்பிரிக், அதான் காத்துக்காக ஓட்டை விட்ட செங்கல், இருக்கான்னு பாருங்க. இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. சேகர் அண்ணே, சுவத்துக்குள்ள எலிமருந்து வைக்கச் சொல்லாதீங்க. உள்ளேயே செத்து நாறினா வீட்டுல குடியிருக்க முடியாது, கைக்குழந்தை வேற இருக்கு.

பீனிக்ஸ் பையன்
ஃபோம் ஸ்ப்ரே. ஹார்டுவேர் கடையில டப்பாவுல கிடைக்கும். ஓட்டைக்குள்ள அடிச்சா உப்பி அடைச்சிரும், சிமெண்டை விடச் சுலபம். அடிக்கிறதுக்கு முன்னாடி அந்துருண்டை நாலு போட்டா பறவை ஓடிரும்.

சிறகு
இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியிருக்கிறேன். வருகிறவர்கள் பழைய இழைகளைத் தேடிப் பார்ப்பதே இல்லை. "ஏதோ பறவை" என்று எழுதினால் நான் என்ன சொல்வது? பறவையின் நிறம், அலகின் நிறம், கண், பறக்கும்போது இறக்கையில் தெரியும் நிறம், இந்த நான்கையும் எழுதுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் வீடுகளில் கூடு கட்டுபவை பெரும்பாலும் மைனா, ஊர்க்குருவி, லிட்டில் ஸ்விஃப்ட் (உழவாரன்), ரெட்விங் ஸ்டார்லிங். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஸ்விஃப்ட் என்றால் அது இந்நாட்டுப் பறவை, கூட்டில் கை வைக்கும் முன் எஸெம்வெலோ வனத்துறையைக் கேட்க வேண்டும். மைனா என்றால் கதையே வேறு.

பையன் தம்பிக்கு: அந்துருண்டையின் ஆவி சுவர் வழியாகக் குழந்தை படுக்கும் அறைக்குத்தான் போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் புகையால் இரத்த அணுக்களே உடையும். தயவுசெய்து அதை இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

குட்டிப்பாப்பா அம்மா (வெள்ளி காலை)
மன்னிக்கணும், அவசரத்துல எழுதினேன். டர்பன், சாட்ஸ்வொர்த். பின்னாடி இருக்குற அவுட்பில்டிங்ல குடியிருக்கோம், மாடி கிடையாது. ஏர்பிரிக் உடைஞ்சு கை நுழையுற அளவு ஓட்டை. பாப்பா கட்டிலுக்கு நேர் மேலே. பறவை பழுப்பு, தலை கறுப்பு, கண்ணைச் சுத்தி மஞ்சள், மூக்கும் காலும் மஞ்சள். ரெண்டு மாறி மாறி வாயில எதையோ தூக்கிட்டு வருது. ஒண்ணு வந்தா உள்ள சத்தம் கூடுது. உள்பக்கம் சுவத்துல துவாரம் இருக்கு, காத்து வர்றதுக்காக வச்சது. பாப்பா கழுத்துலயும் கையிலயும் சின்னச் சின்னச் சிவப்பு, கொசுக்கடி போல.

சிறகு
மைனாதான், சந்தேகமே இல்லை. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரியும், அதையும் பாருங்கள். ரெட்விங் ஸ்டார்லிங் என்றால் உடல் பளபளக்கும் கறுப்பு, இறக்கை செம்பழுப்பு, பெட்டைக்குத் தலை சாம்பல். அது சேறு குழைத்துத் திட்டிலோ உத்தரத்திலோ கட்டும்.

கரணை
தங்கச்சி, அந்தச் சிவப்பு கொசுக்கடியா இல்லாமயும் போகலாம். பறவைக் கூட்டுல கோழிச்செல் மாதிரி பொடிப்பூச்சி பெருகும். கூட்டுலேர்ந்து உள்துவாரம் வழியா இறங்கும். கட்டில் நேர் கீழே இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. முதல்ல கட்டிலை எதிர்ச்சுவத்துக்கு மாத்துங்க, இப்பவே. பாப்பாவைக் கிளினிக்ல காட்டி, சுவத்துல கூடு இருக்குன்னு மறக்காம சொல்லுங்க. அந்தப் பூச்சி மனுச உடம்புல குடியிருந்து பெருகாது, பயப்படாதீங்க. ஆனா பறவை கூட்டை விட்டுப் போனதும் பசியில இன்னும் அதிகமா அறைக்குள்ள வரும். அதனால உள்துவாரத்தைச் சுத்தி ஒரு இண்டு விடாம அகல டேப் போட்டு மூடுங்க. காத்துக்கு ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க.

ஞாயித்துக்கிழமை சிமெண்ட் மட்டும் வேண்டாம். இப்ப உள்ள குஞ்சு கத்துது. அடைச்சா உள்ளேயே பட்டினியில சாகும். நாத்தம், ஈ, புழு எல்லாம் உங்க அறைக்குள்ளதான் வரும். தாய்ப்பறவை வெளியே நின்னு அடுத்த ஓட்டையைக் கொத்தித் தேடும். ஃபோம் அடிச்சாலும் இதேதான், பையன் தம்பி. அடைச்ச சுவரை உடைச்சு நான் வெளியே எடுத்திருக்கேன், அந்த வேலையை ரெண்டாம் தடவை செய்ய மனசு வராது.

முறையீடு
தங்கச்சி, சட்டப் பக்கம் சொல்றேன். உடைஞ்ச ஏர்பிரிக் கட்டடப் பழுது. நீங்க உடைக்கலைன்னா அதைச் சரிபண்ண வேண்டியவர் வீட்டுக்காரர். வாய்வார்த்தையா சொன்னது போதாது, போட்டோவோட தேதி போட்டு வாட்ஸ்அப்ல எழுதுங்க. "குஞ்சு போனதும் வலை அடிச்சு அடைக்கணும், அதுவரை சிமெண்ட் வைக்க வேண்டாம், குழந்தைக்கு உடம்பு சரியில்ல"ன்னு நேரா எழுதுங்க. அதுக்கும் அசையலைன்னா வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கு. 1999 வாடகைச் சட்டத்துல வந்தது, மாகாணத்துக்கு மாகாணம் உண்டு, முறையிடக் காசு கிடையாது. முறையிட்ட நாள்லேர்ந்து மூணு மாசமோ தீர்ப்பு வர்ற வரைக்குமோ, எது முன்னாடியோ அதுவரை, வீட்டுக்காரர் உங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது, வேண்டிய பராமரிப்பைச் செய்யணும், நீங்க வாடகை கட்டிட்டே இருக்கணும்.

ஜோபர்க் சேகர்
வாடகையை நிறுத்துங்க, ஒரே மாசத்துல ஓடி வருவார்.

முறையீடு
சேகர் அண்ணே, கடைசி வரியைத் திரும்பப் படிங்க. வாடகையை நிறுத்தினா சட்டத்தை மீறினது இந்தப் பொண்ணு ஆயிரும். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு வீதியில நிக்க வேண்டி வரும்.

சிறகு
ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கரணை அண்ணனின் இரக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் மைனா விஷயத்தில் அது வேண்டியதில்லை. 1902 வாக்கில் டர்பனில் கூண்டிலிருந்து தப்பிய பறவைகளின் வம்சம் இது. இன்று ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா வரை பரவிவிட்டது. அரசின் அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் மூன்றாம் பிரிவு. வளர்க்கவோ விற்கவோ இடம் மாற்றவோ கூடாது. பார்பெட் (குக்குறுவான்) போன்ற இந்நாட்டுப் பறவைகளின் பொந்தைப் பிடுங்கிக்கொள்ளும், முட்டையை வெளியே தள்ளும். இந்தியாவிலிருந்து வந்த ஒரு பறவைக்காக இங்கே பிறந்த பறவைகள் இடம் இழக்கின்றன. இது ஓர் ஈட்டுக்கு நான்கு ஐந்து முட்டை இடும், ஒரே பருவத்தில் இரண்டாம் ஈடும் உண்டு. குஞ்சு பறக்கட்டும் என்று காத்திருந்தால் இன்னும் ஐந்து மைனா, அவ்வளவுதான்.

மெரிபேங்க்
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1860-இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழியில் நான் ஐந்தாம் தலைமுறை. "இந்தியாவிலிருந்து வந்தது, இங்கே இதற்கு இடமில்லை" என்ற பேச்சை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தங்களைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். எங்களை இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதே 1961-இல்தான். மைனா பெருகுவதால் மற்ற பறவைக்குத் தீங்கு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் காரணத்தை மட்டும் சொல்லுங்கள் தம்பி, போதும். எங்கிருந்து வந்தது என்பதைக் குற்றமாகச் சொல்ல வேண்டாம். கூட்டில் இருக்கும் குஞ்சு எந்தக் கப்பலிலும் வரவில்லை, அந்தச் சுவரில்தான் பிறந்தது.

சிறகு
அம்மா, உங்கள் மனத்தைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் பறவையையும் மனிதரையும் ஒரே முடிச்சில் போடக் கூடாது. இது சூழலியல். இருபது வருடமாக இங்கே பறவை பார்க்கிறவன் சொல்கிறேன், பார்பெட் கத்திய தோட்டங்களில் இன்று மைனா கத்துகிறது.

பீனிக்ஸ் பையன்
மரத்தை எல்லாம் வெட்டிச் சுவர் கட்டினது நாமதானே அண்ணே? பார்பெட் பட்டமரத்துல பொந்து குடையும். சாட்ஸ்வொர்த்துல பட்டமரத்தை யாரு விட்டு வச்சிருக்கா?

மெரிபேங்க்
தம்பி சொல்வது சரி.

சிறகு
காரணங்களில் ஒன்று அது. ஒன்று மட்டுமே.

கரணை
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. நாளை மறுநாள் சிமெண்ட் வரப்போகுதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுட்டு நிக்குது. மைனாவுக்கு இரக்கப்படுறோமோ இல்லையோ, குஞ்சோட அடைச்சா கஷ்டம் அந்தக் குழந்தைக்குத்தான். சிறகு தம்பிக்கு இதுல மறுப்பு இருக்காது.

தங்கச்சி, இனி வேலையைச் சொல்றேன். மைனா முட்டையை ரெண்டரை வாரம் போல அடைகாக்கும், பொரிச்சு மூணு நாலு வாரத்துல குஞ்சு வெளியே போயிரும். உங்க வீட்டுல நாள் பூரா சத்தம் கேக்குது, தாய் தகப்பன் ரெண்டும் ஓயாம இரை கொண்டு வருது. அப்ப குஞ்சு கொஞ்சம் வளந்தாச்சு, ரெண்டு வாரம் போல பொறுத்தா போதும். சத்தம் நின்னதும் பழைய செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில லேசா சொருகுங்க, இறுக்கமா வேண்டாம். ரெண்டு நாள் தாள் அசையாம இருந்தா உள்ள யாரும் இல்லை. வெளியே தள்ளி விட்டிருந்தா இன்னும் போக்குவரத்து இருக்கு. விடியக்காலையும் பொழுது சாயுறப்பவும் நின்னு பாருங்க. காலி ஆச்சுன்னா தள்ளிப்போடாதீங்க, சும்மா விட்டா அடுத்த ஈட்டுக்கு அதே ஓட்டைக்கு வந்துரும்.

கூட்டைக் காய்ஞ்சபடியே இழுக்கக் கூடாது, எச்சத் தூசி நெஞ்சுக்குள்ள போகும். ஜிக் (பிளீச்) கலந்த தண்ணியைத் தெளிச்சு நல்லா ஊற வச்சு, தூசி வடிகட்டுற எஃப்எஃப்பி2 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கிட்டு எடுக்கணும். வேலை முடியுற வரைக்கும் பாப்பாவை அந்த அறையில வச்சிருக்க வேண்டாம். போன வருசம் ஒரு வீட்டுல நான் எடுத்த கூட்டுல காஞ்ச புல்லு, ரொட்டிப் பாக்கெட்டு கிளிப்பு, பாம்புச்சட்டை ஒரு முழம், பிளாஸ்டிக் கயிறு, யாரோ கோயில்ல கட்டின மஞ்சக் கயிறு கூட இருந்துச்சு. ரெண்டு பை போட்டுக் கட்டிக் குப்பையில போடுங்க. சுவத்து இடுக்குல பூச்சிமருந்து அடிக்கணும்னா அதைத் தெரிஞ்சவங்க செய்யட்டும், நீங்க அடிக்காதீங்க.

அப்புறம் புது ஏர்பிரிக் வச்சு, வெளிப்பக்கம் வலை. சிமெண்ட் பூசி மூட வேண்டாம், அந்த அறைக்குக் காத்து வேணும்னுதான் கட்டினவங்க துவாரம் விட்டாங்க. மூடினா மழைக்காலத்துல பூசணம் பிடிக்கும்.

குட்டிப்பாப்பா அம்மா (ஞாயிறு இரவு)
கட்டிலை மாத்தியாச்சு, டேப் ஒட்டியாச்சு. கிளினிக்ல களிம்பு குடுத்தாங்க, பூச்சிக்கடிதான்னு சொன்னாங்க. வீட்டுக்காரருக்கு எழுதினேன், போட்டோவும் அனுப்பினேன். இன்னைக்கு அடைக்க வரல. குஞ்சு போனதும் ஏர்பிரிக் மாத்தித் தர்றேன்னு பதில் போட்டிருக்கார். வலைக்குக் காசு யாருன்னு சொல்லல. எல்லாருக்கும் நன்றி.

முறையீடு
காசு அவரோடதுதான். அதையும் எழுத்துல கேட்டு வாங்குங்க. அவர் போட்ட பதிலை அழிக்காம வச்சிருங்க.

இசிப்பிங்கோ ராணி
கரணை அண்ணா, வலை எந்த அளவு கண்ணு வாங்கணும்? எங்க வீட்டுலயும் ஏர்பிரிக் உடைஞ்சிருக்கு. இன்னொண்ணு, முன்பக்கம் கூரை ஓரத்துல சின்னக் கறுப்புப் பறவைங்க கூட்டமா இறகு ஒட்டின கூடு கட்டுது. முதுகுல வெள்ளை. எங்கேயும் உக்காரவே மாட்டேங்குது, கிறீச்சுனு கத்திட்டுப் பறந்துட்டே இருக்கு. அதையும் இதே மாதிரி எடுக்கலாமா?

கரணை
பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணு. ஸ்டெயின்லெஸ் வாங்குங்கம்மா. சாதாரணக் கம்பிவலை இசிப்பிங்கோ உப்புக் காத்துக்குத் தாங்காது, துருப்பிடிச்சு உதிரும். பசை வேண்டாம், ஸ்க்ரூ போட்டு அடிங்க.

சிறகு
கூரை ஓரத்தில் இருப்பது ஸ்விஃப்ட். அதற்குக் கிளையில் உட்காரும் கால் கிடையாது, செங்குத்துச் சுவரில் தொற்றத்தான் முடியும். இந்நாட்டுப் பறவை, தொடாதீர்கள். அது மைனாவை விடப் பல நாள் அதிகமாகக் கூட்டில் இருக்கும், உமிழ்நீரால் இறகை ஒட்டிக் கட்டிய கூட்டுக்கே வருடா வருடம் திரும்பியும் வரும். குஞ்சு ஏதும் கீழே விழுந்தால் யெல்லோவுட் பார்க்கில் உள்ள க்ரோ என்ற காட்டுயிர் மறுவாழ்வு மையத்தைக் கூப்பிடுங்கள். மீதிக்குத் தனி இழை போடுங்கள் ராணி அக்கா. வீடு சொந்தமா வாடகையா, கூடு எத்தனை, கீழே யார் நடமாடுகிறார்கள், எல்லாவற்றையும் முதல் பதிவிலேயே எழுதுங்கள். நான் பதில் சொல்கிறேன்.