புதுப்பிப்பு: பாப்பாவோடு சிங்கப்பூர் போய் வந்தாச்சு

13 மாதப் பாப்பாவைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போகலாமா, விமானத்தில் காது வலிக்காதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நல்லபடியாக மண்டபம் திரும்பிவிட்டோம். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

காதுதான் பெரிய பயம். திருச்சியில் ஏறியதும் தூங்கிவிட்டாள். இறங்கும்போதுதான் வீறிட்டு அழுதாள். உடனே பால் கொடுத்தேன். விழுங்க விழுங்க அழுகை அடங்கியது. என் தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்த விரல்களைச் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் விட்டாள். அதனால் இறங்குவதற்குச் சற்று முன் வயிறு நிறையக் கொடுத்துவிடாதீர்கள், அந்த நேரத்துக்குப் பசி இருக்கட்டும்.

2 வயது ஆகாததால் மடியில்தான் இடம். ஆனால் பாஸ்போர்ட், விசா, போகுமுன் ஆன்லைனில் நிரப்புகிற வருகை அட்டை எல்லாம் அவளுக்கும் தனியாக வேண்டும்.

அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இங்கே 8 மணிக்குத் தூங்குகிறவள் அங்கே பத்தரைக்குத்தான் கண் மூடினாள். மாற்ற நினைக்கவில்லை, காலையில் மெதுவாகக் கிளம்பினோம். டாக்சியில் குழந்தை இருக்கை கட்டாயமில்லை. ஆப்பில் பிடிக்கிற தனியார் கார்களில் கட்டாயம். அப்புறம், சாப்பாட்டுக் கவலையே வரவில்லை. வறுத்து அரைத்த கஞ்சி மாவை நாத்தனார் வீட்டு அடுப்பில் காய்ச்சிக்கொண்டேன்.

கடைசி நாள் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மணலில் இறக்கிவிட்டதும், நம்ம ஊர்க் கடலைப் பார்த்தவள் போல "தண்ணி, தண்ணி" என்று தவழ்ந்தே ஓடினாள்.