மெட்ராஸ் யுனிவர்சிட்டி பி.ஏ., படித்தது கும்பகோணத்திலா?

கேள்வி: கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் யுனிவர்சிட்டி பி.ஏ. என்பார் அப்பா. கும்பகோணத்தை விட்டே அவர் நகரவில்லை என்கிறார் அத்தை. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது. அந்தக் காலத்தில் பாடம் கும்பகோணம் போன்ற ஊர்களின் கல்லூரிகளில், தேர்வும் பட்டமும்தான் பல்கலைக்கழகத்தின் வேலை. எனக்கு நெகிழ்ச்சி தருவது கணித மேதை ராமானுஜன் கதை. பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் அவர் தவறியது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். அப்புறம் 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்ததும் இதே பல்கலைக்கழகம். பட்டம் இல்லாதவருக்கு!

இன்னொரு பதில்: இதே பல்கலைக்கழகம் வெளியிட்ட பெரிய தமிழ் அகராதியான தமிழ் லெக்சிகனை மறக்காதீர்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள். மாணவனாக நூலகத்தில் ஒரு சொல் தேடப் போய், மாலை மணி அடிக்கும்வரை பக்கம் புரட்டியிருக்கிறேன்.

கேட்டவர்: நன்றி ஐயா. அத்தையிடம் இப்போதே சொல்கிறேன்.