குளூம்ஹேவன் பெரிய பெட்டி: நாலு பேர் குழுவுக்குச் சரிப்படுமா?

செந்தூல்வாசி

வணக்கம். நாங்கள் நாலு பேர். சனிக்கிழமை ராத்திரி மூன்று மணி நேரம் கிடைக்கும். பாண்டமிக் போன்ற பலகை ஆட்டங்கள் அளவுக்கு ஆடிப் பழக்கம் உண்டு. இப்போது குளூம்ஹேவன் (எல்லாரும் ஓர் அணியாக அரக்கர்களோடு மோதும் பலகை ஆட்டம்) முதல் பதிப்பு, பயன்படுத்திய பெட்டி, விலைக்கு வந்திருக்கிறது. ஃப்ளாட்டில் சாப்பாட்டு மேசை 4 அடிக்கு 2½ அடி. இத்தனை பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட இதில் அப்படி என்ன இருக்கிறது? பாதியில் விடுகிறவர்கள் ஏன் விடுகிறார்கள்? பழைய பெட்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பகடையில்லான் (ஜார்ஜ்டவுன்)

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இந்த ஆட்டத்தின் உயிர் கையிலிருக்கும் அட்டைகளில் இருக்கிறது. பகடை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அட்டை எடுத்து வைப்பீர்கள். ஒன்றின் மேல்பாதி, மற்றதன் கீழ்பாதி. பெரும்பாலும் மேலே அடி, கீழே நகர்வு. அந்த இரண்டில் நீங்கள் முன்னால் வைக்கும் அட்டையின் எண்தான் உங்கள் முறை எப்போது என்று முடிவு செய்யும். சின்ன எண் முந்தும். ஆடிய அட்டைகளை ஓய்வெடுத்துத் திரும்பப் பெறலாம், ஆனால் ஒவ்வொரு ஓய்வுக்கும் ஓர் அட்டை அந்த சினாரியோ (ஒரு தடவை ஆடும் சண்டைக் கட்டம்) முடியும்வரை போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். ப்ரூட் என்ற பாத்திரத்துக்குக் கை 10 அட்டை. குறுகிய ஓய்வு மட்டும் எடுத்தால் 10 அட்டையில் 5 சுற்று, 9-இல் 4, 8-இல் 4, 7-இல் 3, 6-இல் 3, 5-இல் 2, 4-இல் 2, 3-இல் 1, 2-இல் 1. ஆக 25 சுற்று. அதற்குமேல் அவர் களைத்து விழுந்துவிடுவார், உடம்பில் எவ்வளவு உயிர்ப்புள்ளி மிச்சமிருந்தாலும். இன்னொரு பாத்திரமான டிங்கரருக்கு 12 அட்டை, 36 சுற்று. ஸ்பெல்வீவருக்கு 8 அட்டை, 16 சுற்றுதான். இழந்ததை மீட்க ஓர் அட்டை இருப்பதால்தான் அவர் தாக்குப்பிடிக்கிறார்.

இழப்புக் குறி போட்ட அட்டைகள்தான் மிகப் பலமானவை. ஒருமுறை ஆடினால் போயே போச்சு. ப்ரூட் அதை முதல் சுற்றிலேயே ஆடினால் மொத்தத்தில் 4 சுற்று குறையும். கையில் 5 அட்டை மிஞ்சும்போது ஆடினால் 2 சுற்றுதான் குறையும். பெரிய அடி வந்தால் ஓர் அட்டையை இழந்து அதைத் தடுக்கலாம், அதற்கும் இதே விலை. ஒவ்வோர் அடியும் நேரத்தைச் செலவழித்து வாங்குவது என்பதால் சாதாரண எலும்புக்கூடு சண்டைகூட நெஞ்சைப் பிடிக்கும். இதை வடிவமைத்த ஐசக் சில்ட்ரஸ் 2017-இல் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டுக்கு நிகராக டஞ்சன் (நிலவறையில் புகுந்து அரக்கர்களோடு மோதும்) ஆட்டங்களில் வேறொன்றை என்னால் சொல்ல முடியாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மேசை

மேலே சொன்னது முழுக்க உண்மை. குறை அந்த அட்டைக் கைக்கு வெளியே இருக்கிறது.

முதல் எதிரி அடுக்கிவைக்கும் வேலை. பெட்டி சுமார் 10 கிலோ. சரியாகப் பிரித்து வைக்காவிட்டால் ஆட உட்காரும் முன்பே அரை மணி நேரம் போய்விடும். ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு ஜிப்லாக் பை போடுங்கள்: அட்டை உருவங்கள், 8 செயல் அட்டைகள், அதன் உயிர், தாக்குதல் எண்கள் உள்ள புள்ளி அட்டை என எல்லாம் அதிலேயே. தரைப்பலகைகளில் எழுத்தும் எண்ணும் அச்சிட்டிருக்கும், எழுத்து வரிசையில் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். பொறி, கல், மேசை, கதவு போன்ற துண்டுகளுக்கு மிஸ்டர் டிஐஒய்யில் கிடைக்கும் தடுப்புள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். இதைச் செய்துவிட்டால் ஒருவர் தரையை அடுக்க, ஒருவர் அரக்கர்களை எடுக்க, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும்.

இரண்டாவது, நம் ஊர் ஈரம். உருவங்களின் அடிப்பக்க அட்டை உப்பிவிடும். பிறகு பிளாஸ்டிக் தாங்கியில் அழுத்திச் செருகும்போது காகிதம் உரியும். கூடுதலாகக் கொஞ்சம் தாங்கிகள் வாங்கி, அடிக்கடி வரும் அரக்கர்களான பேண்டிட் கார்டு (கொள்ளையர் காவலாள்), லிவிங் போன்ஸ் (எலும்புக்கூடு) இரண்டையும் செருகியபடியே விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, ஈரம் ஏறும் சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஸ்லீவ் (அட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை) எல்லாவற்றுக்கும் தேவையில்லை. ஒவ்வோர் அடிக்கும் எடுத்து அதன் பலத்தைக் கூட்டிக் குறைக்கும், ஓயாமல் கலைக்கப்படும் தாக்குதல் மாற்றி அட்டைகளுக்கு மட்டும் போட்டால் போதும்.

மூன்றாவதுதான் குழு உடைகிற இடம். நாலு பேர் என்றால் அரக்கர்களும் அதற்கேற்பக் கூடும், அறை நெரிசலாகும், உங்கள் முறை வர நேரமெடுக்கும். அதில் ஒருவர் சீக்கிரம் களைத்து விழுந்தால் மிச்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தங்கம் பொதுச்சொத்து இல்லை, எடுத்தவருக்கே சொந்தம். இரகசியமாக ஆளுக்கு இரண்டு இலக்கு அட்டை வரும், ஒன்றை வைத்துக்கொள்வீர்கள்; சிலது அணிக்கு எதிராகவே உங்களை இழுக்கும். இதில் மனஸ்தாபம் வராத நாலு பேர் வேண்டும். கதையும் பல இடங்களில் 'எல்லாரையும் கொல்' என்ற ஒரே வரிதான்.

பட்டர்வொர்த்_பாலம்

பாதியில் விடுவதற்கு இன்னொரு காரணம், விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆட்டத்தைக் கடினமாக்கிக்கொள்வது. அடிக்கடி தப்புவது இவை. சினாரியோவின் கடின மட்டம் என்பது குழுவிலுள்ள பாத்திரங்களின் சராசரி மட்டத்தில் பாதி, மேல்நோக்கி முழு எண். முதல் மட்டக் குழுவுக்கு 1. அதை ஒன்று குறைத்து 0-இல் ஆட விதியே அனுமதிக்கிறது, முதல் மூன்று சினாரியோவுக்கு அப்படித்தான் ஆட வேண்டும் என்பேன். நீங்கள் உண்டாக்கும் தீ, பனி போன்ற தனிமம் முறை முடிந்த பிறகுதான் பலகையில் ஏறும், அதே முறையில் பயன்படுத்த முடியாது. முறை முடிவில் நிற்கும் கட்டத்திலுள்ள காசு மட்டும் தானாகக் கைக்கு வரும். தோற்றாலும் சேர்த்த தங்கமும் அனுபவப் புள்ளியும் உங்களுடையவை.

கதவு விஷயம் தனி. திறந்தவுடன் உள்ளே இருக்கும் அரக்கர்கள் அதே சுற்றிலேயே ஆடிவிடுவார்கள். அதனால் அந்தச் சுற்றில் முந்தி ஆடுபவர் திறக்கட்டும், மற்றவர்கள் கை நிறைய அட்டையோடு பின்னால் தயாராக இருக்கட்டும். ஓய்வு எடுக்க வேண்டியதைத் திறப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

என் கருத்து: பெரிய பெட்டிக்கு முன் இதே ஆட்டத்தின் சின்ன வடிவமான ஜாஸ் ஆஃப் தி லயன் வாங்குங்கள். 2020-இல் வந்தது, 25 சினாரியோ, 4 பாத்திரங்கள். தரைப்பலகையே கிடையாது, புத்தகத்தின் பக்கம்தான் வரைபடம். முதல் 5 சினாரியோ விதிகளைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும். உங்கள் மேசையில் சுகமாக உட்காரும். அதை முடித்த நாலு பேரும் இன்னும் வேண்டும் என்றால் பெரியதற்குப் போகலாம்.

பகடையில்லான் (ஜார்ஜ்டவுன்)

அதில் எனக்கு உடன்பாடு பாதிதான். பெரிய பெட்டியின் சுவை ஓய்வுபெறுவதில் இருக்கிறது. தனிப்பட்ட குறிக்கோளை முடித்ததும் பாத்திரம் விடைபெறும், மூடியிருக்கும் புதுப் பாத்திரப் பெட்டி ஒன்று திறக்கும். மொத்தம் 17 பாத்திரங்களில் 6 மட்டுமே தொடக்கத்தில் கிடைக்கும். அந்தத் திறப்பு சின்னதில் கிடையாது.

செந்தூல்வாசி

நன்றி. இரண்டையும் யோசிக்கிறேன். பழைய பெட்டியைப் பார்க்கப் போகும்போது என்ன சரிபார்க்க?

பிரிக்ஃபீல்ட்ஸ்_மேசை

மூடியிருக்க வேண்டிய பாத்திரப் பெட்டிகள், உறைகள் எத்தனை திறந்திருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். வரைபடத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பெரிய பிரச்சினை இல்லை. எந்த இடம் திறந்தது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டாலே போதும். பாத்திர அட்டைகளில் ஒட்டிய மேம்பாட்டு ஸ்டிக்கர்தான் கவனிக்க வேண்டியது, அது அட்டையின் பலத்தை மாற்றிவிடும். நகர, சாலை நிகழ்வு அட்டைகளில் சிலவற்றை ஆட்டத்திலிருந்து நீக்கச் சொல்லும். கிழித்துப் போட்டார்களா, எடுத்து வைத்தார்களா என்று கேளுங்கள். தொடக்க மாற்றி அட்டைக் கட்டு ஒவ்வொன்றிலும் 20 இருக்க வேண்டும்: பூஜ்யம் 6, கூட்டல் ஒன்று 5, கழித்தல் ஒன்று 5, கூட்டல் இரண்டு, கழித்தல் இரண்டு, இரட்டிப்பு, வீண் தலா ஒன்று. அங்கேயே எண்ணிவிடுங்கள், ஒன்று குறைந்தால் எல்லாக் கணக்கும் கெடும்.

மேசை: நாலு பேருக்கு அது போதாது. அரக்கர் புள்ளி அட்டைகளை எக்ஸ்ஹேவன் அசிஸ்டன்ட் போன்ற செயலியில் டேப்லெட்டுக்கு மாற்றிவிட்டு, கடைப் பொருட்களைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தால் சமாளிக்கலாம்.