முகாம் பிள்ளையையோ காப்பகத்துப் பிள்ளையையோ வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாமா? ராமநாதபுரம் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உச்சிப்புளி அக்கா:

வணக்கம். நாங்கள் உச்சிப்புளி பக்கம், சொந்த வீடு. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் கத்தாரில் வேலை. மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, நானும் வீட்டுக்காரரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், இன்னும் கை கால் நன்றாக ஓடுகிறது. மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து ஒரு பெண் என்னிடம் தையல் பழக வருவாள், இப்போது ராமநாதபுரத்தில் கல்லூரி முதல் வருடம். முகாமில் ஒரே அறையில் அம்மா, பாட்டி, தம்பிமார் எல்லோரும் இருக்கிறார்கள், ராத்திரி விளக்கை அணைத்தால் இவள் வாசல்படியில் உட்கார்ந்து தெருவிளக்கில் படிக்கிறாள். "எங்கள் வீட்டிலேயே வந்து இரு" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது, ஆனால் வீட்டுக்காரர் போலீஸ், கியூ பிராஞ்ச் (முகாம்களைக் கண்காணிக்கிற உளவுப் போலீஸ்) என்று பயப்படுகிறார்.

அப்புறம் இன்னொன்று. தத்து இல்லாமலேயே காப்பகத்துப் பிள்ளைகளை வளர்க்கத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையா, யாரிடம் போய்க் கேட்பது? சின்னப் பிள்ளையாக, மூன்று நான்கு வயதில் கிடைத்தால் நல்லது என்று மாமியார் சொல்கிறார்கள்.

ராம்நாடு தம்பி:

அக்கா, நல்ல மனசு, ஆனால் எதற்கு வம்பு? கோயிலில் அன்னதானம் போடுங்கள், புண்ணியமும் வரும், போலீசும் வராது.

கரையோரக் கணக்கு:

மேலே சொன்ன தம்பியின் பேச்சை விடுங்கள். நான் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு தனித்தனி விஷயம், ஒன்றோடொன்று கலக்காதீர்கள்.

காப்பகத்துப் பிள்ளை விஷயம் உண்மைதான். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 44வது பிரிவில் வளர்ப்புப் பராமரிப்பு என்று இருக்கிறது. பிள்ளை உங்கள் வீட்டில் வளரும், ஆனால் சட்டப்படி உங்கள் பிள்ளை ஆகாது. முடிவு எடுப்பது குழந்தைகள் நலக் குழு, விண்ணப்பம் வாங்கி வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மாதா மாதம் வந்து பார்ப்பார்கள், அது சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் "எங்களையே சந்தேகப்படுகிறார்களா" என்று கோபப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. பெற்ற அம்மாவோ அப்பாவோ இருந்தால், குழு வேண்டாம் என்று சொல்லாத வரை, அவர்கள் வந்து பார்க்கவும் உரிமை உண்டு. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் வரும். அதை நம்பி இறங்கக் கூடாது, ஏனென்றால் அது மாதா மாதம் தேதி தவறாமல் வருகிற பணம் இல்லை.

2024இல் வழிகாட்டு நெறிகளைத் திருத்தினார்கள். இப்போது கல்யாணம் ஆகாதவர்கள், கணவனை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், சட்டப்படி பிரிந்தவர்கள் எல்லோரும் கேட்கலாம். ஒரே வீட்டில் இரண்டு வருடம் வளர்ந்த பிள்ளையைத் தத்துக் கேட்கலாம், முன்பு அது ஐந்து வருடமாக இருந்தது. தம்பதி என்றால் இருவர் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள், உங்களுக்கு எந்த வயதுப் பிள்ளை வரும் என்று அலகில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மூன்று வயதுப் பிள்ளை இந்த வழியில் வராது. ஆறு வயதுக்கு மேல்தான். தத்துக் கொடுக்கத் தகுந்த குழந்தையை நீண்ட காலத்துக்கு இப்படிக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. காப்பகத்தில் கேட்க ஆள் இல்லாமல் இருப்பது பதின்மூன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான். வருகிறவர்கள் எல்லோரும் கைக்குழந்தை கேட்கிறார்கள், மீசை முளைத்த பையனை யாரும் கேட்பதில்லை. பதினெட்டு முடிந்ததும் அவன் வெளியே வந்துவிட வேண்டும். 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி என்று சட்டத்தில் இருக்கிறது, சரி, ஆனால் தீபாவளிக்கு எந்த வீட்டுக்குப் போவான்?

முகாம் பெண் விஷயம் முற்றிலும் வேறு. அவளுக்குக் குடும்பம் இருக்கிறது, பதினெட்டும் ஆகியிருக்கும். இது வளர்ப்புப் பராமரிப்பு இல்லை, விருந்தாளி மாதிரிதான். முகாம் பதிவில் இருக்கிறவர்கள் வெளியே தங்கினால் முகாம் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கணக்கெடுக்கிற நாளில் ஆள் இல்லை என்றால் உதவித்தொகை நிற்கும், பதிவிலேயே சிக்கல் வரும். அவர்கள் எந்த வருடம் வந்தவர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. 2022 மார்ச்சுக்குப் பிறகு, அங்கே அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். அவர்கள் விஷயத்தில் எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு ராத்திரிகூட வேண்டாம், ஏனென்றால் அடி விழுவது உங்களுக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு.

தெற்குவாடி மீனா:

நான் பாம்பன். எங்கள் வீட்டில் ஒரு பையன் வளர்ப்புப் பராமரிப்பில்தான் வந்தான், வரும்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, அம்மாவும் இல்லை. நம் கரையில் இப்படிப் பிள்ளைகள் எத்தனையோ, இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் அன்பு காட்டுங்கள் என்பார்கள், அது நடக்கும். கஷ்டம் வேறு இடத்தில் வரும். இந்தப் பையன் விடியக்காலையில் எழுந்து கரைக்குப் போய் விசைப்படகில் வருகிற மீனை இறக்கிக் கொடுப்பான், வலையிலிருந்து மீன் தட்டிக் கொடுப்பான், அவர்கள் கொடுக்கிற மீனை அங்கேயே விற்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவான். அந்தக் காசு எங்கள் அடுப்படியில் உப்பு ஜாடிக்குக் கீழே இருக்கும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். வாடகை கொடுக்கிறானாம்! வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் அன்றைக்கு ராத்திரி சோறு கம்மியாகச் சாப்பிடுவான். கடைசியில் தபால் ஆபீசில் அவன் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, பாஸ்புக்கை அவனிடமே கொடுத்துவிட்டேன். இப்போதும் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கையில் காசு வராது என்று முகம் சுண்டிப் போகும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவனைச் சமாளிப்பது பெரும்பாடு.

ஆய்வுக்கு வருகிற மேடம் அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்போது நான் கடைக்குப் போய்விடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் அக்கா, கதவுப் பக்கம் நிற்காதீர்கள்.

ஊர் வாயையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கும். "சொத்தில் பங்கு கேட்பானே" என்று என் நாத்தனாரே கேட்டாள். வளர்ப்புப் பராமரிப்பில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை என்று சொன்ன பிறகும் கேட்கிறாள்.

முகாமில் பிறந்தவன்:

அக்கா, நான் மண்டபம் முகாமில் பிறந்தவன். படித்தது பி.காம்., பார்ப்பது பெயின்ட் வேலை. அரசாங்க வேலைக்கு எழுத முடியாது, குடியுரிமை இல்லை. இலங்கை இருக்கிற திசையைத் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று பார்த்ததோடு சரி.

ஒரு விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். எங்களுக்கு உதவ வருகிறவர்கள் நேராகப் பிள்ளையிடம் கேட்பார்கள், அம்மாவிடம் கேட்க மாட்டார்கள். பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்போது அம்மாவுக்கு எப்படி இருக்கும்? "உன்னை வைத்துப் பார்க்க எங்களுக்கு வக்கில்லையா" என்று ஒரு சண்டை வரும், அத்தோடு படிப்பும் போகும். நீங்கள் முகாமுக்குப் போங்கள், அவள் அம்மா கொடுக்கிற தேத்தண்ணியைக் குடியுங்கள், அம்மாவிடமே கேளுங்கள்.

இன்னொன்று, அவளுக்குத் தங்க இடம் வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். அவளுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு விளக்கு, நெட், யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரம். கல்லூரி விட்டதும் உங்கள் வீட்டில் இறங்கிப் படித்துவிட்டு பஸ்ஸுக்கு முகாம் திரும்பினால் அனுமதிக்கு அலைய வேண்டாம். பரீட்சைக்கு முன் சில நாள் தங்க வேண்டுமென்றால் அப்போது எழுதிக் கொடுக்கலாம், கல்லூரிச் சான்று இருந்தால் பெரும்பாலும் கொடுப்பார்கள். நான் கடைசி வருடம் பரீட்சைக்கு ஒரு வாத்தியார் வீட்டில் அப்படித்தான் இருந்தேன். அவர் வீட்டில் என்னை யாரிடமும் அகதிப் பையன் என்று அறிமுகப்படுத்தவில்லை, "நம்ம ஸ்டூடண்ட்" என்பார். 2021இல் அரசாங்கமே மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றியது, ஊர்க்காரர்கள் இன்னும் மாற்றவில்லை.

ராம்நாடு தம்பி:

நான் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே பயந்துதான் சொன்னேன். மீனா அக்கா சொன்னது தெரியாது எனக்கு.

உச்சிப்புளி அக்கா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முகாமுக்குப் போய் வந்தேன். அவள் அம்மா முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை, தையல் மெஷின் பேச்சு வந்ததும் சரியாகிவிட்டார். அவர்கள் 1990இல் வந்த குடும்பம், பதிவு எல்லாம் இருக்கிறது. தங்குவது வேண்டாம், சாயங்காலம் வந்து படிக்கட்டும், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஏற்றி விடுங்கள் என்றார். திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள், மாடி அறை அவளுக்குத்தான்.

காப்பகத்துப் பிள்ளைக்கும் கேட்கப் போகிறோம், பெரிய பிள்ளையாகவே. வீட்டுக்காரருக்கு இன்னும் அரை மனசு, மாமியார் பேசவில்லை. கீழே சாமி அறைக்குப் பக்கத்து அறையை ஒழிக்கலாம். அலகுக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

கரையோரக் கணக்கு:

அரை மனசோடு கையெழுத்துப் போடாதீர்கள் அக்கா. வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள், மாமியார் உட்பட. இரண்டு மாதம் போகட்டும், அந்தப் பெண் வந்து போவதை அவர்களும் பார்க்கட்டும். பிறகு இருவர் ஆதார், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, போட்டோ எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய் அலகில் கேளுங்கள், காவல்துறை சரிபார்ப்புக்கு அவர்களே வழி சொல்வார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே போட்டுவிடுங்கள்.