தொடர்கதையை அனுமதியில்லாமல் ஆடியோ நாவலாக்கினால் என்ன செய்வது?

மழைக்குருவி:
வணக்கம். வலைப்பூவில் புனைபெயரில் நான் எழுதிய 42 அத்தியாயத் தொடர்கதையை ஒரு யூடியூப் சேனல் வரி விடாமல் வாசித்து ஏற்றியிருக்கிறது. கீழே 'நன்றி' என்று என் புனைபெயரும் இருக்கிறது. கதை எங்கும் பதிவு செய்யப்படவில்லை. நீக்கச் சொல்ல முடியுமா?

ஏட்டுச்சுவடி:
தாராளமாக முடியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. கதையை ஒலிப்பதிவாக்கும் உரிமையும் 14ஆம் பிரிவின்படி எழுதியவருக்குத்தான். நன்றி சொன்னால் அனுமதி வாங்கியதாக ஆகாது. கதைக்கரு மட்டும் ஒத்துப்போனால் சிக்கல். கருவுக்கு உரிமை கிடையாது, எழுதிய விதத்துக்கே உண்டு என்று 1978இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே வரிக்கு வரி வாசித்திருப்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

கரிக்கோல்:
தயவுசெய்து முதலில் கமென்டில் போய்ச் சண்டை போடாதீர்கள். வீடியோவை மறைத்துவிட்டு வேறு தலைப்பில் ஏற்றிவிடுவார்கள், ஆதாரம் போய்விடும். ஒவ்வொரு வீடியோவின் இணைப்பு, ஏற்றிய தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உங்கள் அத்தியாயப் பக்கங்களை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு காத்து வைக்கும் தளம்) சேமியுங்கள். பழைய பதிவுகளின் தேதியைத் தொடவே தொடாதீர்கள்.

பிறகு யூடியூபின் பதிப்புரிமைப் படிவம். சேனல் முகவரி மட்டும் போதாது. எந்த வீடியோ, எந்த அத்தியாயம் என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். புனைபெயர் செல்லாது, சட்டப்படியான முழுப்பெயர் கேட்பார்கள்; அது ஏற்றியவருக்கும் தெரியவரலாம். அதை விரும்பாதவர்கள் வழக்கறிஞர் மூலம் அனுப்புவதே நல்லது. எதிர்த்தரப்பு மறுப்பு கொடுத்தால், 10 வேலைநாளுக்குள் நீதிமன்றத்துக்குப் போனதற்கான ஆதாரம் தர வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும்.

மழைக்குருவி:
மிக்க நன்றி. இதே கதை இந்தியத் தளம் ஒன்றில் யாரோ ஏற்றிய பிடிஎஃப் ஆகவும் கிடைக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

ஏட்டுச்சுவடி:
அதற்கு 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதி இருக்கிறது. தளம் நடத்துபவருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள்: எந்தப் படைப்பு, அது உங்களுடையது என்பதற்கான ஆதாரம், திருட்டுப் பிரதி இருக்கும் இணைப்பு. பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: வழக்குத் தொடர்ந்து 21 நாளில் நீதிமன்ற உத்தரவைத் தருவேன் என்ற உறுதிமொழி. அது இல்லாத புகார் முழுமையாகாது. புகார் சரியென்று பட்டால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம்.

வழக்கை 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். கதையை இப்போதே பதிப்புரிமைப் பதிவுக்கும் அனுப்பிவிடுங்கள், பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான். விண்ணப்பித்தபின் ஆட்சேபத்துக்காகவே 30 நாள் காத்திருக்க வேண்டும்.